இன்னொரு தடவை விரிக்கச் சொல்லுங்க

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நீ நல்லா இருக்கியா, அம்மா நல்லா இருக்காங்களா, நான் நல்லா இருக்கேன். மரியாதை முடிஞ்சுது. இப்ப சண்டைக்கு வரேன்.

லெட்டரான்னு சிரிக்காத. எங்க எல்லார் போனையும் போலீஸ் வாங்கி வச்சிருக்கு. புதுசா வாங்கினாலும் நாங்க எல்லாரும் தங்கியிருக்கற வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு நர்ஸக்கா சட்டம் போட்டிருக்காங்க. அவங்க பகல்ல ஆஸ்பத்திரில நர்ஸ், மத்த நேரம் எங்க எல்லாருக்கும் ஹெட்மாஸ்டர். அதனால பேனாவுக்கு வந்துட்டேன். என் கையெழுத்து உனக்குப் படிக்க வரும். ஸ்கூல்ல எனக்கு இம்போசிஷன் எழுதிக் கொடுத்த கை உன்னோடதுதானே.

நேத்து எதிர்த்த டீக்கடை டிவில உன் சேனல் ஓடிச்சு. அனல்மின் நிலையத்து கேட் முன்னால போன மாசத்துல இருந்து உக்காந்திருக்கோம். கரி எரிக்க இன்னொரு யூனிட் கட்டாதீங்கன்னு கேக்கறோம். ஒரு வழியா காட்டினீங்க. ஒருத்தர் தும்மி முடிக்கறதுக்குள்ள போயிடுச்சு. அதுலயும் நாங்க இல்ல. நின்னு போன பஸ்ஸு, ஜன்னல்ல தலைய விட்டுக் கத்தற ஒரு ஆளு. கீழ ஒரு வரி: 'போராட்டத்தால் போக்குவரத்து பாதிப்பு; பொதுமக்கள் அவதி.'

பொதுமக்கள்னா யாருக்கா? போன மழைக்குக் கடல் உள்ள வந்து ஒரு தெருவையே சுருட்டிட்டுப் போச்சு. அந்தத் தெருக்காரங்க என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. அவங்க யாரு? பஸ்ல சீட் கெடச்சாத்தான் பொதுமக்களா?

அந்த வரிய எழுதினது நீ இல்லைன்னு சொல்லு. ஆனா அந்த ஆபீஸ்ல அரைப்புள்ளி போடற ஆளு நீ ஒருத்திதான்.

கோவத்தோட,
உன் தங்கச்சி

*

பிப்ரவரி 17

குட்டிப் பிசாசுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ நல்லா இருக்கேன் என்று எழுதியதை அம்மா நம்பவில்லை. "நல்லா இருந்தா எதுக்குடி லெட்டர் போடறா?" என்கிறாள்.

அந்த வரி என்னுடையதுதான், அரைப்புள்ளியும்.

என் வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குச் சொன்னதே இல்லை. கண்ணாடி அறை ஒன்றில் எடிட்டிங் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வெளியே போன கேமராக்காரர்கள் என்ன அனுப்புகிறார்களோ அதுதான் செய்தி. அன்றைக்கு வந்த காட்சியில் பஸ் இருந்தது, கத்துகிற ஆள் இருந்தார். நீங்கள் பேசியதும் இருந்தது. எடிட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்தும் உக்காந்திருந்தாங்க, இன்னிக்கும் உக்காந்திருக்காங்க. இதுல நியூஸ் எங்கம்மா?" என்றார். வெட்டினோம்.

உட்கார்ந்திருப்பவர்களிடம் கேமரா வராது. யாராவது ஏற வேண்டும், விழ வேண்டும், எதையாவது உடைக்க வேண்டும். இந்தத் தொழில் அப்படி. எனக்கும் பிடிக்கவில்லை; சம்பளம் பிடித்திருக்கிறது.

அம்மா இப்போதெல்லாம் டிவியை உட்கார்ந்து பார்ப்பதில்லை. கிட்டே போய் நின்றுகொண்டு பார்க்கிறாள். நீ தெரிகிறாயா என்று ஓரமெல்லாம் தேடுகிறாள். அன்றைக்கு அந்த பஸ்ஸின் ஓரத்தில் உன் தோள் மட்டும் ஒரு கணம் வந்தது. "அவதான். தலைய வாரியிருக்காளா பாத்தியா?" என்றாள்.

கல்லூரியில் இன்னும் உன் பெயரை எடுக்கவில்லையாம். விசாரித்தேன். திட்டாதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 3

அக்காவுக்கு,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். தலை வாரிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு. பொய்தான், இருந்தாலும் சொல்லு.

உன் லெட்டர மீட்டிங்ல சத்தமா படிச்சேன். மன்னிச்சுக்கோ. 'ஏற வேண்டும், விழ வேண்டும், உடைக்க வேண்டும்'ங்கற எடத்துல கூட்டம் அப்படியே நிமிந்து உக்காந்துச்சு. உள்ள இருக்கறவங்களே சொல்லிட்டாங்கல்ல.

அப்புறம் ஒரே ரகளை. கம்பெனி முதலாளி கார்ல பெயிண்ட் ஊத்தலாம்னு ஒரு கட்சி. ஹைவேய மறிக்கலாம்னு ஒரு கட்சி. நர்ஸக்கா எழுந்து நின்னாங்க. "பஸ்ல நிக்கிறவன் நம்ம ஆளு. அவன வெயில்ல நிறுத்தி வச்சுட்டு வெயிலப் பத்திப் பேசினா, கேக்க மாட்டான், கல்ல எடுப்பான்"னாங்க. அவங்க சொல்றது சரி. ஆனா சரியா பேசறவங்களைக் காட்ட எந்த டிவியும் வரமாட்டேங்குது. அது எங்க பிரச்சனையா, உங்க பிரச்சனையா?

கடைசில வழி சொன்னவன் ஒட்டடைக்குச்சி. அப்படித்தான் அவனக் கூப்பிடறோம், அவ்ளோ உயரம், அவ்ளோ ஒல்லி. கம்பத்துல ஏறி கேபிள் டிவி ஒயர் இழுத்துக்கிட்டு இருந்தவன். "ஏறுவோம். ஏறினா யார் வழியும் மறிக்கல, எதையும் உடைக்கல"ன்னான். துறைமுகத்துல கப்பல்ல இருந்து கரி அள்ளற பெரிய கிரேன் இருக்குல்ல, அதுல ஏறி ஒரு துணியத் தொங்க விடறது. அவ்ளோதான். யாருக்கும் நஷ்டம் இல்ல.

துணில என்ன எழுதறதுன்னு அடுத்த சண்டை. நர்ஸக்காவுக்கு எவ்ளோ டிகிரி சூடு, எவ்ளோ சதவீதம் புகைன்னு எல்லாம் போடணும். "அது துணியா, பரீட்சப் பேப்பரா?"ன்னு கேட்டேன். கடல் எடுத்துக்கிட்ட தெருவுல இருந்த ஒரு அம்மா சொன்னத அப்படியே போட்டுட்டோம்: 'கடல் வாசலுக்கு வந்தாச்சு. இன்னும் எவ்ளோ கரி எரிப்பீங்க?'

நீ பயப்படுவன்னு தெரியும். நான் ஏறல. தையல் எனக்கு. நர்ஸக்கா மாமியாரோட மெஷின்ல உக்காந்து, போர்வை போர்வையா ஒட்டுப் போடறேன். நான் கீழதான் நிப்பேன்.

தங்கச்சி

*

மார்ச் 11

என் தங்கைக்கு,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நீ நலமாக இருந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

நான் எழுதியது புலம்பல்; யோசனை இல்லை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம் கொட்டினேன். நீ அதை எடுத்துக்கொண்டுபோய் ஊருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாய். சின்ன வயதில் என் டைரியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினவள்தானே.

ஒரு பேரம் பேசலாமா? கிரேனை விடுங்கள். நான் அரைமணி நேர விவாதம் ஒன்று வாங்கித் தருகிறேன். எடிட்டரிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லாரும் பார்க்கிற நேரம். உங்களில் நன்றாகப் பேசுகிற ஒருவரை அனுப்பு. நர்ஸம்மாவையே அனுப்பு. டிகிரி, சதவீதம் எல்லாம் அவர் அங்கே சொல்லட்டும். வெட்ட மாட்டார்கள், நேரலை.

அது நடந்துவிட்டால் யாரும் எதிலும் ஏற வேண்டியதில்லை. சரியா? சரி என்று எழுது.

உன் பதில் வரும்வரை அம்மாவிடம் எதையும் சொல்லப் போவதில்லை. அவள் ஏற்கெனவே தூங்குவதில்லை.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நலம், நர்ஸக்காவத் தவிர. அவங்க அந்த ஞாயித்துக்கிழமைல இருந்து டீக்கடைப் பக்கமே வரல.

நிகழ்ச்சிய டீக்கடைல கூட்டமா நின்னு பாத்தோம். அவங்க நல்ல புடவை கட்டி, டூட்டிய மாத்தி, ரெண்டு பஸ் மாறி உங்க ஊருக்கு வந்தாங்க. வந்து உக்காந்ததும் தலைக்கு மேல தலைப்பு: 'போராட்டமா? தொல்லையா?' பாதி தோத்தாச்சு. எதிர்ல ஒரு கோட்டு. அந்தாளு வாயத் தொறந்தா மூடல. "ஆம்புலன்ஸ் மாட்டினா யார் பொறுப்பு? நீங்க எதுல வந்தீங்க? பஸ்ஸுல டீசல் ஊத்தலியா?" நர்ஸக்கா ஆஸ்பத்திரில வெயில் தாங்காம வந்து விழறவங்களப் பத்தி ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான். விளம்பரம்.

அரைமணி நேரமும் எப்படிப் போராடணும்ங்கறதப் பத்தியே பேசினீங்க. எதுக்குப் போராடறோம்னு ஒருத்தர் கேக்கல. கடல்ங்கற வார்த்தை ஒரு தடவை கூட வரல. கரியும் வரல. வீடு பத்தி எரியுதுன்னு ஒருத்தன் கத்தறான், அவன் கத்தற சுருதி சரியில்லன்னு நீங்க உக்காந்து விவாதம் பண்றீங்க.

நீ முயற்சி பண்ணின. அது தெரியுது. உன்மேல கோவம் இல்ல. கொஞ்சம் இருக்கு.

அதனால கிரேன் உறுதியாயிடுச்சு. புது யூனிட்டுக்கு அனுமதி குடுக்கறதா வேணாமான்னு கமிட்டி கூடறதுக்கு முன்னாடி பண்ணிடணும். நாள் சொல்ல மாட்டேன். துணி கிட்டத்தட்ட முடிஞ்சுது. கையெல்லாம் கொப்பளம், பேனா பிடிக்கவே எரியுது. அதான் கோழி கிளறின மாதிரி எழுத்து.

அம்மாவுக்கு முத்தம்.

தங்கச்சி

*

ஏப்ரல் 10

அடியே,

தையல் மெஷினில் தைக்கிறவளுக்கு விரல் நுனியில் ஊசி குத்தும். உள்ளங்கையில் கொப்பளம் வராது. கயிறும் கம்பியும் பிடித்து ஏறிப் பழகுகிறவளுக்குத்தான் வரும்.

நீயும் ஏறுகிறாய்.

இதைச் சொல்லிவிட்டு மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். வேண்டாம் என்றால் நீ கேட்கமாட்டாய். அழுதால் இன்னும் வேகமாக ஏறுவாய். அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அக்கா, தொடு பாக்கலாம்" என்றவள். அன்றைக்கும் நான்தான் கீழே கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. துறைமுகப் பக்கம் யாருக்கு வேலை போடுவது என்பது இந்த மாதம் என் கையில். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல கேமராமேனைப் போட்டிருக்கிறேன். வயதானவர், நிதானமானவர்; 'பெரியவர்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். எதையும் தவறவிட மாட்டார். அவர் எடுத்தால் ஒரே தடவை போதும். ஏறு, விரி, இறங்கு. மறுபடியும் ஏற வேண்டி வராது.

வெறும் காலோடு ஏறாதே. காற்று அடித்தால் ஏறாதே. ஏறவே ஏறாதே.

பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 29

தங்கச்சிக்கு,

பதில் இல்லை. நீ எங்கே இருக்கிறாய் என்றும் சரியாகத் தெரியவில்லை. நர்ஸம்மா வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். போலீஸ் உன்னை விட்டுவிட்டார்கள் என்று நிருபர் சொன்னார். உன்னோடு ஏறின அந்தப் பையன் உயிரோடு இருக்கிறான் என்றும் சொன்னார்.

நான் கண்ணாடி அறையில் இருந்தேன். நீ ஏறுவதைப் பார்த்தேன். நீ இறங்குவதையும் பார்த்தேன். நீ தரையில் கால் வைத்தபோது எடிட்டிங் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அதன் பிறகு அந்தப் பையன் மறுபடி ஏறினான். அதன் பிறகு விழுந்தான்.

அன்று முழுக்க அதைத்தான் போட்டோம். எல்லாச் சேனலும் எங்களிடம் கேட்டு வாங்கிப் போட்டன. காலையில் இருந்து படுக்கப் போகிற வரைக்கும் அவன் விழுந்துகொண்டே இருந்தான். அம்மா டிவியை அணைத்துவிட்டு அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

*

மே 18

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். ஒரு வரி கேட்ட, குடுத்துட்டேன்.

இப்ப மிச்சம். ஒட்டடைக்குச்சிக்கு இடுப்பெலும்பு போச்சு, வலது கால் ரெண்டு எடத்துல போச்சு. கரிக் குவியல் மேல விழுந்ததால தலை தப்பிச்சுது. நர்ஸக்கா ஆஸ்பத்திரிலதான் இருக்கான். கட்டில் நீளம் பத்தல, கட்டு போட்ட கால் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, போறவங்க வரவங்க எல்லாம் இடிச்சுக்கறாங்க. "கரிய எதுத்து ஏறினேன், கரிதான் காப்பாத்துச்சு, வெளிய சொல்லிடாத, இயக்கத்துக்குக் கெட்ட பேரு"ங்கறான். நடப்பானான்னு கேட்டா டாக்டர் சீலிங்கப் பாக்கறார்.

பேட்டிக்கு வரிசை கட்டி வந்தாங்க. மாசக்கணக்கா எங்க பக்கம் திரும்பாதவங்கல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல குடை போட்டு நின்னாங்க. எல்லாரும் ஒரே கேள்வி: விழறப்ப எப்படி இருந்துச்சு? ஒருத்தராவது துணில என்ன எழுதியிருந்துச்சுன்னு கேப்பாங்களான்னு பாத்தேன். இல்ல. நீங்க போட்ட படத்துலயும் ஆள் விழறது தெரியுது, துணி தெரியல.

ஒண்ணு கேக்கணும். நாங்க ரெண்டு பேரும் வேலைய முடிச்சுட்டு இறங்கிட்டோம். அப்பதான் உங்க பெரியவர் போன்ல யாரோ பேசினாங்க. துணிய இன்னொரு தடவை விரிக்கணும்னு. அதனாலதான் அவன் திரும்ப ஏறினான். அது யாருக்கா? உன் ஆபீஸ்தானே. விசாரிச்சு சொல்லு.

தங்கச்சி

*

ஜூன் 2

தங்கச்சிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. அந்தப் பையன் கண் விழித்துப் பேசுகிறான் என்பதே பெரிய ஆறுதல். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கியது, இப்போது பரவாயில்லை. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். இங்கே வெயில் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியில் கூரை போட்டிருக்கிறார்கள். நாமும் போடலாம் என்று அம்மா சொல்கிறாள்.

நீ கேட்டதை விசாரித்தேன். அன்றைக்குப் பெரியவரிடம் நிறைய பேர் பேசியிருக்கிறார்கள். அவசரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று திட்டமாகத் தெரியவில்லை. அவருக்கும் நினைவில்லை என்கிறார். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

மழைக்கு முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அம்மா தேடுகிறாள். நானும்தான்.

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கன்னு நான் கேக்கல. எப்படி இருப்பன்னு எனக்குத் தெரியும்.

போன ரெண்டு லெட்டர்லயும் ஒரு அரைப்புள்ளி கூட இல்ல. மனசுல ஏதாவது மறைச்சு வச்சா உனக்கு அது வராது போல.

பெரியவர் ரெண்டு கையாலயும் கேமராவப் பிடிச்சிருந்தார்க்கா. போன் ஸ்பீக்கர்ல, சட்டைப் பையில இருந்துச்சு. நான் பக்கத்துலதான் தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னேன். "எழுத்துத் தெரியல. இன்னொரு தடவை விரிக்கச் சொல்லுங்க." பொறந்ததுல இருந்து கேக்கற குரல். எழுந்திருன்னு சொன்ன குரல், சாப்பிடுன்னு சொன்ன குரல். எனக்குத் தெரியாதா?

நீயா சொல்றியான்னு பாக்கத்தான் கேட்டேன். நீ மாடியில கூரை போடறதப் பத்தி எழுதின.

சரி, என் பங்கையும் சொல்லிடறேன், இல்லன்னா நியாயம் இல்ல. எழுத்து ஏன் தெரியல? துணிக்கு அடி ஓரத்துல பை மாதிரி மடிச்சுத் தைச்சு, அதுக்குள்ள ஒரு கம்பு சொருகணும். கனம் இருந்தாத்தான் தொங்கும். தைச்சேன். கம்பு சொருகல. மறந்துட்டேன். கம்பு வீட்டுல கதவுக்குப் பின்னால சாஞ்சுக்கிட்டு நிக்குது, இன்னிக்கும். காத்துக்குத் துணி பாய் மாதிரி சுருண்டுக்கிச்சு. உன் குரல் வந்ததும் நான்தான் ஏறப் போனேன், தப்பு என்னோடதுல்ல. அவன் என் கையத் திருப்பிப் பாத்தான். கொப்பளம் உடைஞ்சு ரத்தம். "தையக்காரம்மா, நீங்க உக்காருங்க, நான் ஒயர் இழுத்தவன்"னான். விட்டேன்.

இத யார்கிட்டயும் சொல்லல. உனக்கு மட்டும்.

இப்ப வேற பயம் வந்திருக்கு, அதான் எழுதறேன். கமிட்டி அனுமதியத் தள்ளி வச்சிருச்சு. ஆகஸ்ட்ல மறுபடி கூடி முடிவு பண்ணுவாங்களாம். மாசக்கணக்கா உக்காந்தோம், ஒருத்தன் அசையல. ஒருத்தன் விழுந்தான், நாடே அசைஞ்சுது. புரியுதா உனக்கு? அது வேலை செஞ்சிருச்சு. வீட்டுக்குப் புதுசு புதுசா ஆளு வருது. எல்லாம் என் வயசு, என்ன விடச் சின்னதுங்க. வந்ததும் கேக்கற மொத கேள்வி: "எதுல ஏறணும்?" பின்னால இருக்கற தண்ணித் தொட்டி ஏணில ஏறிப் பழகறாங்க. நேத்து ஒரு பொண்ணு கயிறே இல்லாம ஏறினா. கேட்டா, "கயிறு இருந்தா டிவில நல்லா இருக்காது"ங்கறா.

நர்ஸக்கா வேணாம்னு சொல்றாங்க. "உக்காந்து என்னக்கா சாதிச்சீங்க?"ன்னு அதுங்க கேக்குது. உன்கிட்ட பதில் இருக்கா?

தங்கச்சி

*

ஜூலை 7

என் செல்லத்துக்கு,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கவில்லை. நீ போய்விடுவாய் என்று பயந்தேன்.

நடந்தது இது. அன்றைக்கு அம்மா வீட்டிலிருந்து எனக்குப் போன் பண்ணினாள். நேரலையில் உன்னைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "இவ்ளோ உசரத்துல ஏறி என்னத்தையோ கட்டறாளே, அதுல என்னடி எழுதியிருக்கு? ஒண்ணும் தெரியலியே" என்றாள். உங்களைப் பார்க்கிற எவரும் அதுவரை கேட்காத கேள்வி. இவ்வளவு பாடுபட்டு ஏறியிருக்கிறார்கள். அந்த வரி மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று பெரியவரைக் கூப்பிட்டேன். எனக்கு அது திரையில் உள்ளங்கை அகலம். மறுபடி விரிப்பது என்றால் மறுபடி ஏறுவது என்று, ஆண்டவனே, எனக்கு உறைக்கவே இல்லை. மறுபடி ஏற வேண்டி வராது என்று உனக்கு எழுதிக் கொடுத்தவள் நான்.

போன வாரம் கமிட்டி கூடுகிற நாளை அறிவித்த செய்திக்கு அவன் விழுகிற காட்சியை மறுபடி போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. சுருண்ட துணியைப் போட்டேன்; கீழே அந்த வரியைப் போட்டேன்: 'கடல் வாசலுக்கு வந்தாச்சு. இன்னும் எவ்ளோ கரி எரிப்பீங்க?' நாள் முழுக்க ஓடியது. எடிட்டர் பாய்ந்து வந்தார். "இது யார் சொன்னதும்மா? யாரோட பேட்டி?" "துணியோடது சார்" என்றேன். என்னை வானிலைப் பகுதிக்கு மாற்றிவிட்டார். இனி தினமும் எந்த ஊரில் எவ்வளவு சூடு என்று எழுதப் போகிறவள் நான்தான். அவர் அதைத் தண்டனை என்று நினைக்கிறார்.

அம்மா டிவி மேல் கிடந்த துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வரியைத் திரையில் படித்தாள். கிட்டே நின்று, வாய்விட்டுப் படித்தாள். "சரியாத்தானே கேட்டிருக்கா" என்றாள். துண்டை எடுத்துவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதிலாக ஒரு சேதிதான் சொல்ல முடியும். இது உனக்குத் தெரிய வேண்டும். யாரோ எங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். கமிட்டி கூடுகிற அன்று துறைமுகத்தில் மறுபடி ஏறப் போகிறார்களாம். எடிட்டர் இந்தத் தடவை இரண்டு கேமரா என்கிறார், பெரியவரையும் லீவிலிருந்து வரச் சொல்லிவிட்டார். ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழே எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

யார் ஏறுகிறார்கள்? நீயா?

அக்கா

*

ஜூலை 18

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா இரு. இது மரியாதைக்குக் கேக்கறது இல்ல.

உன் லெட்டர ஒட்டடைக்குச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். இந்தத் தடவை மீட்டிங்ல இல்ல, அவன் கட்டில் பக்கத்துல. கேட்டு முடிச்சதும், "உங்கக்கா வானிலைக்குப் போயிட்டாங்களா? காத்து அடிக்குமா அடிக்காதான்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல"ன்னான். சிரிச்சான், வலிச்சுது, திட்டினான். மன்னிச்சுட்டானான்னு தெரியல. நேத்து கைத்தாங்கலா நாலு அடி வச்சான். நான் மன்னிச்சுட்டேனான்னு கேக்காத. நீ என்ன மன்னிச்சியான்னு நானும் கேக்கல.

போன் பண்ணினது அந்தக் கயிறு கட்டாத பொண்ணு. நேரா கேட்டேன், ஒத்துக்கிட்டா. கூட இன்னும் ரெண்டு பேர். ஏறத்தான் போறோம்ங்கறாங்க. கத்திப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். இப்ப தண்ணித் தொட்டி ஏணி அடியிலயே உக்காந்துட்டேன், அங்கதான் இத எழுதறேன். என் மேல மிதிச்சுட்டு ஏறுன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்து மொறைச்சுக்கிட்டே இருக்கா. எவ்ளோ நேரம் இருப்பாளோ. பொறுமைல அவ என்ன மாதிரி இல்ல, அது ஒண்ணுதான் நம்பிக்கை. இல்ல, என்ன மாதிரிதான் இருக்கா.

ஏறாதன்னு மட்டும் சொன்னா போதாதுன்னு தெரியும். அதனால வேற ஒண்ணு சொல்லியிருக்கேன். நர்ஸக்கா சரின்னுட்டாங்க. ஒருத்தி சரின்னுட்டா, மிச்ச ரெண்டு இன்னும் இல்ல. பழைய துணிய அவுத்து, இன்னும் போர்வை சேர்த்துத் தைக்கறேன். துறைமுகத்து கேட்டுக்கு வெளிய, ரோட்ட விட்டுத் தள்ளி ஒரு மைதானம் இருக்கு. யார் பஸ்ஸும் நிக்காது. மைதானம் முழுக்க விரிக்கப் போறோம். ஒரு ஒரு எழுத்தும் ஆள் உயரம். சுத்தி கடல் கொண்டு போன தெருக்காரங்க உக்காருவாங்க, காத்துல பறக்காம ஓரத்த மிதிச்சுக்கிட்டு. கம்பும் எடுத்து வச்சுட்டேன், கதவுக்குப் பின்னால இருந்து.

நீ லீவு போட்டுட்டு வா. அம்மாவக் கூட்டிக்கிட்டு வா, அவங்க ஒரு ஓரத்த மிதிக்கட்டும். தொப்பி எடுத்துட்டு வா, வெயில் எவ்ளோன்னு உனக்குத்தான் மொதல்ல தெரியும்.

உங்க எடிட்டர் ரெண்டு கேமரா அனுப்பட்டும், வேணாங்கல. ஆனா பெரியவர்கிட்ட ஒண்ணு சொல்லிடு. கீழ இருந்து பாத்தா எழுத்துத் தெரியாது. மைதானத்து ஓரத்துல ஒரு விளக்குக் கம்பம் இருக்கு, ஏணி இருக்கு. இந்தத் தடவை அவர் ஏறட்டும்.

மெதுவா ஏறச் சொல்லு. ஏணிய நான் பிடிச்சுக்கறேன்.

தங்கச்சி